கைகாட்டி நகரக் கூடாது

மாவுக்கட்டம்மா தன் வாழ்நாளில் உடைத்த எலும்புகளைவிட ஒட்டவைத்த எலும்புகள் அதிகம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எவ்வளவு அதிகம் என்பதில்தான் பேச்சு தடிக்கும்.

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பிணவறைக்கு ஒரு கதவு முன்னால் இருந்தது அவளுடைய அறை. நடுவில் ஒரு மேஜை, மூலையில் தண்ணீர்த் தொட்டி, அலமாரி நிறைய மாவு தடவிய துணிச்சுருள்கள், சுவரில் எக்ஸ்ரே படத்தைச் செருகிப் பார்க்க ஒரு வெளிச்சப்பெட்டி. மேஜையின் தலைமாட்டில் ஓர் இரும்புக் குழாய் பதித்திருந்தது. நோயாளி பிடித்துக்கொண்டு அலறுவதற்கு. பிடித்த பிடியில் அந்தக் குழாய் நடுவில் இளைத்துப்போய்விட்டது என்று வார்டு ஆயாக்கள் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். ஆனால் அந்த அறையிலிருந்து கிளம்பும் சத்தத்தில் பக்கத்து அறையில் படுத்திருப்பவர்களே எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள் போலிருக்கும் என்பதை மறுக்க முடியாது.

"கத்து ராசா, நல்லா கத்து. காசா பணமா?" என்பாள், காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே. அவன் கத்தி முடிப்பதற்குள் எலும்பு தன் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

அந்த வேலை அவளுக்குக் கிடைத்ததே ஓர் அடிதடியில்தான். கல்யாணமான புதிது. புருஷன் லாரி ஓட்டுநர். நல்ல மனுஷன், கை மட்டும் சட்டென்று நீளும். ஒருநாள் சாப்பாட்டில் உப்பில்லை என்று தட்டைச் சுவரில் எறிந்துவிட்டு அவளை அடிக்கக் கையை ஓங்கினார். அவள் அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்ததோடு சரி, அதற்குமேல் தான் ஒன்றுமே செய்யவில்லை என்று கடைசிவரை சாதித்தாள். "விடுடி" என்றார். புருஷன் சொல்லைத் தட்டக் கூடாதே என்று விட்டாள். அதற்குள் உள்ளே சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டுவிட்டது.

சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்துக்கொண்டு போனாள். அன்றைக்குக் கட்டுப் போடும் ஆள் காலையிலேயே நன்றாக ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். ஒடிந்த கையை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, நல்ல கையில் வரிந்து வரிந்து கட்ட ஆரம்பித்தான். அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் முறை சொல்லவில்லை. அவனைக் கழுத்தோடு பிடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, வெளியே எடுத்து, போதாதென்று மறுபடி முக்கி, சுவரோரம் காயப்போட்டாள். புருஷன் கையைத் தானே இழுத்துச் சேர்த்துக் கட்டினாள். எலும்பு டாக்டர் வாசற்படியில் டீ டம்ளரோடு நின்று முழுவதையும் பார்த்தார். டீ ஆறிப்போயிற்று.

"நாளைக்கு வேலைக்கு வந்துடும்மா" என்றார்.

அந்தக் கை கோணலில்லாமல் சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்த மனுஷன் உப்பு டப்பாவைத் தானே எழுந்துபோய் எடுத்துக்கொண்டார். கை கட்டில் தொங்கிய நாட்களில் சும்மா இருக்கப் பிடிக்காமல், பின்னால் உட்கார்ந்துகொண்டு அவளுக்குப் பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு மிஞ்சியது ஒரு மகளும் அந்தக் கறுப்பு வண்டியும்.

வண்டியைத் துருப்பிடிக்க விட மனசில்லாமல் ஊர் பைக் கிளப்பில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்கானிக்கின் பட்டறையில் கூடுவார்கள். வெல்டர், தையல்காரர், பள்ளிக்கூட டிரில் வாத்தியார், ரொட்டிக்கடை அண்ணன் தம்பி. எண்ணெய் டின்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சவாரியில் விழுந்த விழுப்புண், வாங்கிய அடி, கொடுத்த அடி எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பார்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தக் கிளப்புக்குப் போனாலும் இதே கட்டுப்பாடுதான். கதை சொல்கிறவன் முதலில் சாட்சியை நடுவில் வைக்க வேண்டும். ஒடிந்த பிரேக் கம்பி, பிளந்த ஹெல்மெட், விழுந்த பல், எதுவாகவும் இருக்கலாம். சாட்சியில்லாத கதைக்குக் காது கிடையாது. சாட்சியை வைத்துவிட்டாலோ, அவன் எவ்வளவு அளந்தாலும் கதை முடியும்வரை ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. முடிந்த பிறகு கிழிக்கலாம்.

வெல்டர் ஒருமுறை உடைந்த கொம்பு நுனியை நடுவில் வைத்துவிட்டு ஆரம்பித்தான்: "மாடு என் மேல மோதல. நான்தான் மாட்டு மேல மோதினேன். நான் எழுந்து தூசியைத் தட்டிட்டு வந்துட்டேன். பாவம், மாடுதான் மயங்கிப் படுத்துடுச்சு."

முடியும்வரை எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாட்டுக்கு யாருடா கட்டுப் போட்டா?" என்றார் தையல்காரர்.

"வேற யாரு? அக்காதான்!"

"அடப்பாவி, நான் கட்டினது உனக்கு" என்றாள் மாவுக்கட்டம்மா. "விலா ரெண்டு. மாடு நடந்து வீட்டுக்குப் போச்சு. போறப்ப உன்னைத் திரும்பிப் பார்த்துட்டு வேற போச்சு."

கூட்டமாகப் போகும்போது மெக்கானிக் முன்னால் போவான். அவன் தலை. கடைசியில் அவள். அவள் வால். விழுந்தவனைப் பொறுக்கி எடுப்பதும், யாரையும் பின்னால் விட்டுவிடாமல் கூட்டிக்கொண்டு வருவதும் வாலின் வேலை. அவள் வண்டிப் பெட்டியில் துணிச்சுருளும் தண்ணீரும் எப்போதும் இருக்கும்.

தலைக்கும் வாலுக்கும் நடுவில் வழி தப்பாமலிருக்க ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். திரும்ப வேண்டிய பிரிவு வந்ததும் மெக்கானிக் விரலைச் சொடுக்குவான். அவனுக்கு அடுத்து வருபவன் அங்கேயே நின்றுவிட வேண்டும். வலது கையில் மஞ்சள் உறையை மாட்டி, போக வேண்டிய பக்கம் கையை நீட்டியபடி, வால் வந்து கடக்கும்வரை நிற்க வேண்டும். அவன்தான் கைகாட்டி. பிரிவில் கைகாட்டி இல்லையென்றால் நேரே போ என்று அர்த்தம். யாரையும் கேட்க வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம். அதனால்தான் கைகாட்டி நகரக் கூடாது. மழையா, நனை. வயிற்றைக் கலக்குகிறதா, அது உன் பாடு. "அப்பன் செத்த சேதி வந்தாலும் வால் வந்தப்புறம் அழு" என்பான் மெக்கானிக். டிரில் வாத்தியார் ஒருமுறை குளவிக்கூட்டின் நடுவில் கையை நீட்டி நின்றார். மாவுக்கட்டம்மா வந்து சேர்ந்தபோது தலை வீங்கி ஹெல்மெட்டுக்குள் இறுகிப்போய், அதை ரம்பத்தால் அறுத்துத்தான் ஆளை வெளியே எடுக்க முடிந்தது. கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

மகள் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். ஊதினால் பறக்கிற உடம்பு. எறும்பை மிதித்துவிட்டால் நின்று திரும்பிப் பார்க்கிற சுபாவம். எந்த வண்டியையும் உதைத்துக் கிளப்புவதற்கு முன்னால் அதைத் தடவிக் கொடுப்பான். தன் மகளுக்கு ஓங்குகிற கையும் வேண்டாம், ஓடுகிற காலும் வேண்டாம் என்பதுதான் மாவுக்கட்டம்மாவின் ஒரே ஆசை. கை ஓங்க மாட்டான் என்பது பார்த்தாலே தெரிந்தது. கால்தான் சந்தேகம்.

"அடிதடின்னு வந்தா உன் வீட்டுக்காரன் எங்கேடி நிப்பான்?" என்று மகளிடம் கேட்டாள்.

"நிப்பார்ம்மா. எங்கே நிக்கச் சொல்றாங்களோ அங்கே நிப்பார்."

மாமியார் மனசைக் குளிரவைக்க அவனும் ஒரு பழைய வண்டி வாங்கிக் கிளப்பில் சேர்ந்தான். அவனுக்குக் கொடுத்த மஞ்சள் உறையில் கட்டைவிரல் கிழிந்திருந்தது. மகள் நீல நூலால் தைத்துக் கொடுத்தாள். வீட்டில் மஞ்சள் நூல் இல்லை.

போன வருஷம், எல்லாக் கிளப்புகளும் கூடுகிற ராலிக்குப் போகும் வழியில் நடந்தது அது. குவாரிப் பிரிவில் வலது பக்கம் திரும்ப வேண்டும். நேரே போனால் கைவிட்ட கல்குவாரி. விளிம்பில் வேலி கிடையாது. மெக்கானிக் கண்ணாடிக்காரனைக் கைகாட்டியாக நிறுத்திவிட்டுப் போனான். தையல்காரரின் வண்டிச் செயின் வழியில் கழன்றுவிட்டது. மாட்டிக்கொண்டு கிளம்பியபோது அவரும் அவளும் ரொம்பப் பின்தங்கியிருந்தார்கள். தையல்காரர் கூப்பிடு தூரம் முன்னால் போனார். பிரிவில் ஈ காக்கை இல்லை. கைகாட்டி இல்லையென்றால் நேரே. அவர் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

அவள் கத்தியது ஹெல்மெட்டுக்குள் போகவில்லை. புழுதி எழுந்தது. பிறகு இரும்பு கல்லில் மோதுகிற சத்தம், அதற்கும் பிறகு ஒரு மனுஷச் சத்தம்.

சரிந்து, உருண்டு, உள்ளங்கைத் தோல் உரிய அவள் இறங்கினாள். எஞ்சின் அவர் முழங்காலுக்குக் கீழே ஏறி உட்கார்ந்திருந்தது. அதை நெம்பித் தள்ளியபோது கால் வண்டியோடு போகப் பார்த்தது. எலும்பு துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. பெட்ரோலும் ரத்தமும் ஒன்றாகச் சுண்ணாம்புத் தூளில் ஊறின.

"அக்கா, தையல் விட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு அவர் மயங்கினார்.

பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கினாள். அன்று சாயங்காலம் டாக்டர் அந்தக் காலை எடுத்தபோது அதைக் கையில் தாங்கிக்கொண்டு நின்றது அவள்தான். அவள் அறைக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில், கோழிக்கூண்டு ஏற்றிய வேன் ஒன்று கண்ணாடிக்காரனைக் கொண்டுவந்து இறக்கியது. கண்ணாடி இல்லை. முகம் வீங்கி, உடம்பெல்லாம் முள், தலைமுடியில் கோழி இறகு. வலது முன்கை தொங்கியது. கிளப்பே அறை வாசலில் நின்றது.

"அத்தை" என்றான்.

"ஒரே கேள்வி. வால் வர்றதுக்கு முன்னாடி நீ நகர்ந்தியா, இல்லையா?"

அவன் மேஜைமேல் கிடந்த தையல்காரரின் ஒற்றைச் செருப்பைப் பார்த்தான்.

"நகர்ந்தேன், அத்தை."

அவ்வளவுதான். வேறெதுவும் அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சப்பெட்டியில் செருகினாள். பார்த்தாள் என்று சொல்ல முடியாது, கண் அதன்மேல் இருந்தது. கையை முரட்டுத்தனமாக இழுத்தாள். அவன் கத்தவில்லை, இரும்புக் குழாயையும் பிடிக்கவில்லை. அவள் கட்டிய கைகளிலேயே கோணலாகச் சேர்ந்தது அது ஒன்றுதான். பிரித்து மறுபடி கட்ட அவள் கூப்பிடவுமில்லை.

கிளப் அவனை விலக்கியது. மாவுக்கட்டம்மா மகளிடம், "நீ வரலாம். உன் பின்னால நிழல் வரக் கூடாது" என்றாள்.

"நிழலை விட்டுட்டு நான் எங்கேயும் போறதில்லம்மா" என்றாள் மகள். சொன்னபடியே அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

வருஷம் ஓடிற்று. வெல்டர் அவளுடைய கறுப்பு வண்டிக்குப் பக்கத்தில் ஆள் உட்கார ஒரு தகரத் தொட்டியைப் பற்றவைத்துக் கொடுத்தான். அதில் தையல்காரர் ஊன்றுகோலோடு உட்கார்ந்து வருவார். "மெஷினை மிதிக்க ஒரு கால் போதும்" என்பார், கேட்டாலும் கேட்காவிட்டாலும். கண்ணாடிக்காரனைப் பற்றி அவர் ஒரு சொல் தப்பாகச் சொன்னதில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இந்த வருஷ ராலி ஊருக்கு வெளியே பொட்டல் மைதானத்தில். வரிசை வரிசையாக வண்டிகள், புகை, காதைக் கிழிக்கிற சைலன்சர்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் பெரிய தார்ப்பாய்க் கொட்டகைக்குள் எல்லாக் கிளப்புகளும் கூடிக் கதை சொல்லும். அன்று நிறையக் கதை வந்தது. ஒருவன் தன் காதின் ஒரு துண்டையே குப்பியில் போட்டுக் கொண்டுவந்து வைத்தான். இன்னொருவன் போலீஸ் லத்தியின் பாதியை. மாவுக்கட்டம்மா பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து எழுந்தவன் மர மில் நடத்துகிற ஒரு தடியன். ரம்பம் என்று பெயர். மரம் அறுப்பதால் மட்டும் வந்த பெயர் இல்லை, வாயைத் திறந்தால் மூட மாட்டான். அவன் கூட்டமே மில் ஆட்கள்தான். ரம்பம் சட்டைக்குள்ளிருந்து எதையோ எடுத்து நடுவில் போட்டான்.

மஞ்சள் உறை. வலது கை. கட்டைவிரலில் நீல நூல்.

"போன வருஷம், குவாரிப் பிரிவு" என்று ஆரம்பித்தான். "ஒட்டடைக்குச்சி மாதிரி ஒருத்தன் இந்த உறையைப் போட்டுக்கிட்டு கையை நீட்டி நிக்கறான். சும்மா ஒரு தமாஷுக்கு, எந்தக் கிளப்போ தெரியல, அதை வழி மாத்தி விடலாம்னு நிறுத்தினோம். 'நகருடா'ன்னேன். 'வால் வரட்டுங்க, நகர்ந்துடறேன்'ங்கறான். மரியாதையைப் பாருங்க!"

கொட்டகை சிரித்தது.

"கன்னத்துல ஒண்ணு விட்டேன். கண்ணாடி பறந்துச்சு. கை இறங்கல. வயித்துல உதைச்சோம். மண்டி போட்டுட்டான், ரத்தமா துப்பறான், கை மட்டும் அப்படியே நிக்குது. சரிதான்னு என் தம்பி ஜாக்கி ராடை எடுத்து அந்தக் கையில ஒரே போடு. இப்பவாவது இறங்குச்சான்னு கேளுங்க? இடது கையால வலது கையைத் தாங்கிப் பிடிச்சு நீட்டறான்யா! பேய் புடிச்ச பய!"

மாவுக்கட்டம்மாவின் மடியில் பிளாஸ்கின் தகரம் உள்ளே போயிற்று. மெக்கானிக் பாதி எழுந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். சாட்சி நடுவில் இருக்கிறது. கதை முடியவில்லை. கட்டுப்பாடு கட்டுப்பாடுதான்.

"அப்புறம் நாலு பேரு கையும் காலுமா தூக்கி, மண்டையில ஒண்ணு வெச்சு, வண்டியோட மதகுக்குக் கீழே முள்ளுல வீசிட்டுப் போனோம். கடைசிவரைக்கும் அவனா நகரல. நாங்கதான் நகர்த்தினோம்!"

ரம்பம் கையை விரித்தான். கதை முடிந்தது. மில் ஆட்கள் விசிலடித்தார்கள்.

அவளுக்கு அந்த எக்ஸ்ரே படம் இப்போதுதான் தெரிந்தது. முன்கையின் இரண்டு எலும்பில் ஒன்று முழுசு. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் வெட்டினாற்போல் குறுக்கே ஒடிந்திருந்தது. விழுந்தவன் கை அப்படி ஒடியாது, கம்பியால் அடித்தால்தான் ஒடியும். லத்தியடி பட்டு வந்தவர்களிடம் எத்தனையோ தடவை பார்த்த ஒடிவு. பார்த்துக்கொண்டே பார்க்காமல் விட்டிருந்தாள்.

"முடிஞ்சுதா தம்பி?" என்று எழுந்தாள்.

"முடிஞ்சுதும்மா. எப்படி நம்ம கதை?"

"நல்லா சொன்னே. ராடு எங்கே விழுந்துச்சு? சுண்டுவிரல் பக்கந்தானே?"

"ஆமா. எதுக்குக் கேக்கறே கிழவி?"

"கட்டுப் போடறவளுக்குத் தெரியணும்ல" என்றாள். அவன் கையைப் பிடித்தாள்.

இந்தத் தடவை பிடித்ததோடு நிற்கவில்லை. பெஞ்சின் விளிம்பில் அந்தக் கையை வைத்து முழங்காலால் ஏறி அழுத்தினாள். சத்தம் கொட்டகையின் அந்த மூலைவரை கேட்டது. ரம்பம் வாயைத் திறந்தான், குரல் வருவதற்குள் பிளாஸ்க் அவன் மூக்கின்மேல் இறங்கிற்று. தம்பிக்காரன் சைக்கிள் செயினைச் சுழற்றிக்கொண்டு வந்தான். முதல் வீச்சு அவள் காதைக் கிழித்தது. இரண்டாவது அவள் வலது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. அவள் அப்படியே சுருட்டி இழுத்தாள். கயிற்றில் கட்டிய கன்றுபோல அவன் வந்தான். முகத்தாலேயே அவன் பல்லைச் சந்தித்தாள். இரண்டு பல் அவனுடையது விழுந்தது, ஒன்று அவளுடையது.

"அக்கா, என் காலுக்கும் சேர்த்து!" என்று கொட்டகை ஓரம் நிறுத்தியிருந்த வண்டித் தொட்டிக்குள்ளிருந்து கத்தினார் தையல்காரர். ஊன்றுகோலை வீசி வீசி, பக்கத்தில் வந்த முழங்கால் ஒன்றையும் அவர் சும்மா விடவில்லை. டிரில் வாத்தியார் விசில் ஊதி ஊதி உதைத்தார். வெல்டர் ஒருவனைத் தூக்கி, அப்போதுதான் வந்து நின்ற ஒரு வண்டியின் சூடான சைலன்சரின்மேல் உட்காரவைத்தான். கருகிய வாசனை எழுந்தது. யாரோ கொட்டகைக் கம்பத்தில் போய் விழ, தார்ப்பாய் மொத்தமாக எல்லார் தலையிலும் இறங்கியது. அதற்கடியில் இருட்டில் சண்டை தொடர்ந்தது. ரொட்டிக்கடை அண்ணனும் தம்பியும் எதிராளி என்று நினைத்து ஒருவரையொருவர் நொறுக்கிக்கொண்டார்கள். வெளிச்சம் வந்தபிறகும் நிறுத்த அவர்களுக்கு மனசு வரவில்லை. சொத்துத் தகராறு ஏற்கெனவே இருந்தது.

ஓய்ந்தபோது மைதானம் வண்டிகளும் ஆட்களுமாகச் சிதறிக் கிடந்தது. மாவுக்கட்டம்மா வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். கைக்குட்டையை எடுத்துத் தன் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினாள். வண்டிப் பெட்டியைத் திறந்து துணிச்சுருளைத் தண்ணீரில் நனைத்தாள்.

"எதிரிக்குமா அக்கா?" என்றான் மெக்கானிக், உதடு பிளந்து தொங்க.

"வால் யாரையும் விட்டுட்டுப் போகாதுடா."

ஒவ்வொருவராக உட்கார்த்தி இழுத்தாள், கட்டினாள். கடைசியில் ரம்பம். அவன் கையை மடக்கித் தொங்கவிட்டுக் கட்டுவதுதான் முறை. அவள் அதைத் தோளிலிருந்து நேராக, பக்கவாட்டில், சுட்டுவிரல் நீட்டியபடி கட்டினாள். இரண்டு பங்கு துணி பிடித்தது. காய்ந்தபிறகு யானை வந்தாலும் மடக்க முடியாது. கண்ட ஆஸ்பத்திரியிலும் போய் அறுக்கச் சொன்னான். யார் கட்டு என்று கேட்டுவிட்டு ஒருவரும் கை வைக்கவில்லை. எலும்பு சேரும்வரை அவன் வாசலுக்குள் ஒருக்களித்துத்தான் நுழைந்தான். மில்லுக்கு வருகிற லாரிக்காரர்கள் எல்லாம் அவன் கைபோன பக்கம் லாரியைத் திருப்பினார்கள் என்று கேள்வி.

அவள் அந்த மஞ்சள் உறையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, மகள் குடியிருந்த தெருமுனையில் கறுப்பு வண்டி வந்து நின்றது. மாவுக்கட்டம்மாவின் ஒரு கண் மூடியிருந்தது, மற்றது சிவந்திருந்தது. காதில் காய்ந்த ரத்தம். வலது கையில் மஞ்சள் உறையைப் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டி, ஆஸ்பத்திரிச் சாலை பக்கம் நீட்டினாள். அப்படியே நின்றாள்.

தண்ணீர் வேன்காரன் அந்தக் கையைப் பார்த்து வண்டியைத் திருப்பினான். கேஸ் சிலிண்டர் வண்டியும் திருப்பியது. பால்காரன் மட்டும், "எனக்கு இந்தப் பக்கம்மா வீடு" என்று கெஞ்சிப் பார்த்தான். முகத்தைப் பார்த்துவிட்டு அவனும் திருப்பினான். தெருவில் கூட்டம் கூடியது. மகள் ஓடிவந்தாள்.

"அம்மா! மூஞ்சி என்ன இப்படி?"

"மூஞ்சி கிடக்குது. அவர் எங்கே?"

'அவர்' என்ற சொல்லைக் கேட்டு மகள் அம்மாவின் முகத்தை மறுபடி பார்த்தாள். பிறகு உறையில் நீல நூலைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் மாவுக்கட்டம்மா.

"தெரியும். வாயைத் திறக்கக் கூடாதுன்னுட்டார். நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பார்ம்மா. நீ ஒரே கேள்விதானே கேட்டே." கண்ணைத் துடைத்தாள். "உள்ளே வா."

"வால் வரணும். வண்டியை எடுத்துட்டு வரச் சொல்லு."

மாடிப்படிக்கு அடியில் ஒரு வருஷமாகக் கிடந்த வண்டி. கண்ணாடிக்காரன் உதைத்தான், கெஞ்சினான், தடவிக் கொடுத்தான். அது இருமிவிட்டு அடங்கியது. வெயில் ஏறியது. வியர்வை அவள் கண்ணுக்குள் இறங்கியது. இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்தாள், ஆனால் இறக்கவில்லை. கடைசியில் அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தான்.

"அத்தை, கையை இறக்குங்க."

"கடந்து போங்க, மாப்பிள்ளை."

அவன் தள்ளிக்கொண்டு அவளைக் கடந்தான். கை விழுந்தது. உறையைக் கழற்றப் போனபோது வரவில்லை. மணிக்கட்டு வீங்கி அதற்குள் இறுகியிருந்தது. அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான்.

"இது ஒடிஞ்சிருக்கு, அத்தை."

"தெரியுது. நான்தான் கட்டுப் போடறவ."

"இந்தக் கையையா இவ்வளவு நேரம் நீட்டினீங்க?"

அவள் இடது கையால் வண்டிச் சாவியை அவனிடம் நீட்டினாள்.

கறுப்பு வண்டியை அவன்தான் ஓட்டினான். தொட்டியில் அவள் உட்கார்ந்தாள். அறைச்சாவி அவள் இடுப்பில் இருந்தது. உறையைக் கத்தரியால் வெட்டினான். நீல நூல் தையலை மட்டும் வெட்டாமல் சுற்றிக்கொண்டு போனான். எலும்பு டாக்டர் வாசற்படிக்கு வந்தார். அவள் நல்ல கையைக் காட்டி அவரை அங்கேயே நிறுத்தினாள்.

"மாப்பிள்ளை கட்டுவார். நான் சொல்லச் சொல்ல."

அவன் துணிச்சுருளை நனைத்தான். வலது முன்கை கொஞ்சம் கோணலாக வளைந்து வேலை செய்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் சொல்லல?"

"நகர்ந்தியான்னு கேட்டீங்க. நகர்ந்துதானே போயிருந்தேன். எப்படின்னு சொன்னா, தையல்காரர் கால் திரும்பி வந்துடுமா?"

"அந்தக் கையை மறுபடி ஒடிச்சு நேராக் கட்டணும்" என்றாள், அவனுடைய கோணல் முன்கையைக் காட்டி.

"முதல்ல இது."

"விரலைச் சேர்த்துப் பிடிங்க. காலை என் மேஜைக்கு முட்டுக் கொடுங்க. பயப்படாம நேரா இழுக்கணும்."

அவன் அவள் நல்ல கையை எடுத்து இரும்புக் குழாயின்மேல் வைத்தான்.

"கத்துங்க அத்தை" என்றான். "நல்லா கத்துங்க."

இழுத்தான். மாவுக்கட்டம்மா கத்தினாள். பக்கத்து அறையில் அன்றைக்கு யாரும் எழுந்து உட்காரவில்லை என்று பிணவறைக் காவலாளி சத்தியம் செய்தான். ஆனால் கதவைத் திறந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.